படத்தைத் தையலாக ‘மாற்றித்’ தர முடியாது

எம்பிராய்டரி எந்திரத்துக்குக் கோப்பு தயாரிக்கும் எனக்கு, பொங்கல் நெருங்கினால் ஒரே மாதிரி வேலைதான் வரும். பெங்களூரு அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலையைக் கைப்பேசியில் படம் பிடித்து, கீழே தங்கள் தமிழ் மன்றத்தின் பெயரைச் சேர்த்து, வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். “டி-ஷர்ட்டில் மூன்று அங்குலத்தில் வேண்டும். படம் தயார், டிஎஸ்டி-யாக மாற்றிக் கொடுத்தால் போதும்.” எம்பிராய்டரி எந்திரம் படிக்கும் கோப்புதான் டிஎஸ்டி. இந்த ஆண்டு வந்தவர்கள், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கருவி ஒன்றில் தாங்களே மாற்றி, வேறோர் இடத்தில் தைத்தும் பார்த்துவிட்டார்கள். வள்ளுவரின் தாடி இருக்க வேண்டிய இடத்தில் துணி ஓட்டையாகியிருந்தது. இனியும் பொறுக்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

டிஎஸ்டி கோப்பில் படம் என்று எதுவும் இல்லை. ஊசி அடுத்து எங்கே குத்த வேண்டும், எங்கே தைக்காமல் தாவ வேண்டும், எங்கே நிறம் மாற்ற நிற்க வேண்டும், இவ்வளவுதான் இருக்கும். என்ன நிறம் என்பதுகூட அதில் இருக்காது. தாடிக்கு, நெருக்கமாக இடவலமாகப் போகும் சாட்டின் தையலா, ஒற்றைக் கோடாக ஓடும் ரன்னிங் தையலா? எந்தத் திசையில்? முதலில் முகமா, மேலாடையா? மேல் தையலுக்குத் தாங்கலாக முதலில் போடும் அடித்தையல் எவ்வளவு? இதற்கெல்லாம் பதில் உங்கள் படத்தில் இல்லை. பஞ்சிங் செய்பவர், அதாவது படத்தைப் பார்த்துத் தையல் கோப்பை உருவாக்குபவர், ஒவ்வொரு வடிவத்தையும் புதிதாக வரைந்து, இவற்றை முடிவுசெய்ய வேண்டும்.

“படம் தெளிவாகத்தானே இருக்கிறது?” என்று உடனே கேட்பார்கள். தெளிவு என் கண்ணுக்கு உதவும், ஊசிக்கு உதவாது. கோரல் டிரா என்ற வரைகலை மென்பொருளில் வரைந்த கோப்பைக் கொடுத்தாலும் எனக்குக் கிடைப்பது நல்ல கோடுகள் மட்டுமே. கற்சிலையின் புகைப்படத்தில் எண்ணற்ற சாம்பல் சாயல்கள் இருக்கும். தானியங்கிக் கருவி ஒவ்வொரு சாயலையும் தனித் திட்டாக எடுத்துக்கொண்டு, ஒன்றின் மேல் ஒன்றாகத் தையலை அடுக்கும். ஒரே இடத்தில் ஊசி திரும்பத் திரும்பக் குத்தினால் டி-ஷர்ட்டின் பின்னல் துணி தாங்காது. அதே சிலையை மூன்று நூல் நிறங்களில், தேவையற்றதை விட்டுவிட்டு வரைந்தால் வள்ளுவர் வள்ளுவராகவே தெரிவார்.

இன்னொன்று, நூல் துணியை இழுக்கும். வட்டமாக வரைந்தது தைத்ததும் முட்டையாகும். அதற்காக 0.2 முதல் 0.4 மி.மீ. வரை வடிவத்தை அகலமாக்கி வரைகிறோம். திரையில் வடிவம் சற்றுப் பருத்துத் தெரிந்தால் குறை சொல்லாதீர்கள், தைத்த துணியைப் பார்த்துப் பேசுங்கள்.

எழுத்துகளைப் பற்றிக் கெஞ்சியே கேட்கிறேன். வழக்கமான 40-ஆம் நம்பர் நூலில் ஆங்கிலப் பெரிய எழுத்து 5 மி.மீ. உயரத்தில் தேறிவிடும். தமிழ் தேறாது. ‘ண’வின் சுழி அடைத்துக்கொள்ளும், ‘ழ’வின் கால் பக்கத்துக் கோட்டோடு ஒட்டிக்கொள்ளும். புள்ளி ஒரு முடிச்சாகிவிடும், இல்லையென்றால் துணிக்குள் புதைந்துபோகும். ‘மன்றம்’ என்பது ‘மனறம’ என்று நெஞ்சில் ஏறும். 8 மி.மீ.க்குக் கீழே நான் ஒத்துக்கொள்வதில்லை. அதற்கும் சிறிதாக வேண்டுமென்றால் 60-ஆம் நம்பர் மெல்லிய நூலும் 65-ஆம் நம்பர் ஊசியும் தேவை. இல்லையென்றால் பெயரைச் சுருக்குங்கள்.

எந்தத் துணி என்பதை முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். டி-ஷர்ட்டுக்குப் போட்ட கோப்பைத் தொப்பியில் ஓட்டாதீர்கள். தொப்பியை நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தைக்க வேண்டும். பின்னல் துணிக்கு அடியில் தாங்கலாக வைக்க, கிழித்தெடுக்கும் தாள் போதாது. கத்தரித்தபின் தங்கிவிடும் கெட்டியான தாளே வேண்டும். அதில் மிச்சம் பிடிக்காதீர்கள். அதே துணியில் ஒரு மாதிரி தைத்து வாங்கி, துவைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றுக்குச் சம்மதம் சொல்லுங்கள்.

பழைய டிஎஸ்டி-யைச் சுருக்கியும் பெரிதாக்கியும் ஓட்டுவது இன்னொரு கொடுமை. அளவு மாறினாலும் தையல்களின் எண்ணிக்கை பெரும்பாலும் மாறாது. சுருக்கினால் நெருக்கியடித்துக்கொண்டு நூல் அறுகிறது, பெரிதாக்கினால் இடைவெளியில் துணி பல்லிளிக்கிறது. பத்து சதவீதத்துக்கு மேல் தொடாதீர்கள். பஞ்சிங்குக்குப் பணம் கொடுக்கும்போது திருத்தக்கூடிய மூலக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள்; வில்காம் என்ற பஞ்சிங் மென்பொருளில் செய்தது என்றால் அது இஎம்பி கோப்பு. அதைத் தர மறுப்பவர்களும் இருக்கிறார்கள். ஆகவே, முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.