ஒரு அடி வரப்பு

கும்பகோணத்தில் மனநல மருத்துவராக இருக்கிறேன். தூக்கமே வரவில்லை என்று ஒரு விவசாயி வந்தார். அடையாளங்களை மாற்றித்தான் சொல்கிறேன். கூடப்பிறந்த தம்பியோடு ஒரு அடி வரப்புக்காகப் பதினொரு வருட வழக்கு. அந்தச் செலவுக்கே இரண்டு மா நிலத்தை விற்றிருந்தார். “விட்டுடலாமே ஐயா” என்றேன். “இவ்வளவு தூரம் வந்தாச்சு டாக்டர், இப்ப விட்டா ஊர்ல எப்படித் தலை காட்டுறது?”

நாடுகள் ஏன் போருக்குப் போகின்றன என்று யாராவது கேட்டால் எனக்கு இந்தப் பதில்தான் ஞாபகம் வருகிறது. மண், எண்ணெய், எல்லை எல்லாம் உண்மையான காரணங்கள்தான். ஆனால் தொடங்கிய போரை நிறுத்த விடாமல் பிடித்து வைப்பதில் மானத்துக்குப் பெரிய பங்கு உண்டு. லாபத்தைவிட நஷ்டம் மனதை அதிகம் உறுத்தும். சாவு கூடக் கூட, சமாதானம் பேசுவதே துரோகம் போலத் தோன்றும்.

ஆட்சியாளர்களுக்கு இந்த மனம் நன்றாகத் தெரியும். 1982-ல் அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சி. விலைவாசி ஏற்றம், வேலையின்மை. மார்ச் 30 அன்று தலைநகரில் தொழிலாளர்கள் திரண்டார்கள்; போலீஸ் அடித்து விரட்டியது. ஏப்ரல் 2-ல் பிரிட்டன் வசமிருந்த ஃபாக்லாந்து தீவுகளை ராணுவம் பிடித்தது. அதே தலைநகரில் இப்போது ஆரவாரம்! படையெடுப்புத் திட்டம் முன்பே இருந்தது, தீவுகள் மீதான உரிமைக் கோரிக்கையும் மிகப் பழையது. மக்களின் உணர்ச்சியும் பொய்யல்ல. அதனால்தான் அதைப் பயன்படுத்த முடிந்தது. பிரிட்டன் படை அனுப்பித் தீவுகளை மீட்டது. அங்கே செல்வாக்கு சரிந்திருந்த பிரதமர் தாட்சர் அடுத்த ஆண்டுத் தேர்தலில் பெரிய வெற்றி பெற்றார். அந்த 74 நாள் போரில் இறந்தவர்கள் 900 பேருக்கு மேல்.

டிவியில் போர் முழக்கம் கேட்டால், அந்த நாட்டுக்குள் அப்போது என்ன பிரச்சினை ஓடுகிறது என்று தயவுசெய்து தேடிப் பாருங்கள்.

சரி, பகை தணியுமா? 1954-ல் முஸாஃபர் ஷெரிஃப் என்ற உளவியலாளர் அமெரிக்காவில் 22 சிறுவர்களை இரண்டு அணியாகப் பிரித்தார். போட்டி வைத்ததும் கொடியை எரிக்கும் அளவுக்குப் பகை முற்றியது. ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வைத்தும் அடங்கவில்லை. குடிதண்ணீர் நின்றுபோய், இரு அணியும் சேர்ந்து சரிசெய்ய வேண்டி வந்தது. அது மாதிரி சில வேலைகளுக்குப் பிறகுதான் தணிந்தது.

நம் விவசாயிக்கு என் மாத்திரை தூக்கத்தை மட்டும்தான் தந்தது. ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு முன்னால் இரண்டு வீட்டு வயலுக்கும் பொதுவான வாய்க்கால் தூர்ந்து கிடந்தது. ஒருத்தர் மட்டும் வெட்டிப் பயனில்லை. இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் மண்வெட்டியோடு இறங்கினார்கள். வழக்கு இன்னும் நடக்கிறது. போன தடவை வந்தபோது சொன்னார்: “வாய்க்கால்ல நிக்கும்போது தம்பி டீ வாங்கிக் குடுத்தான் டாக்டர். குடிச்சேன்.”