சுடாத தரை, சூடாகும் வீடு

ஜெர்மனியில் ஜனவரி மாதம். வெளியே மைனஸ் 5 டிகிரி. புதிதாகக் கட்டிய ஒரு வீட்டுக்குள் வெறுங்காலோடு நடந்தால் தரை சில்லென்றும் இருக்காது, சூடாகவும் தெரியாது. அறை மட்டும் 20 டிகிரியில் சுகமாக இருக்கும். தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய் ஓடும் வீட்டுக்குப் புதிதாகக் குடிவருபவர்களில் பலர் இந்தக் கட்டத்தில்தான் தவறு செய்கிறார்கள். தரையைத் தொட்டுப் பார்த்து, "சூடே இல்லையே, வேலை செய்யவில்லை போலிருக்கிறது" என்று தெர்மோஸ்டாட்டை ஏற்றிவிடுகிறார்கள். ஒழுங்காக வேலை செய்யும் தரை காலுக்குச் சுடவே கூடாது. இது புரிந்துவிட்டால், குழாயின் இடைவெளியிலிருந்து பராமரிப்பு வரை மற்றவை எல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

கணக்கு எளிது. தரையின் மேற்பரப்பு அறையைவிட 1 டிகிரி கூடுதலாக இருந்தால், ஒரு சதுர மீட்டர் தரை சுமார் 11 வாட் வெப்பத்தை அறைக்குத் தரும். நல்ல வெப்பக்காப்புள்ள வீட்டுக்குக் கடும் குளிரிலும் சதுர மீட்டருக்கு 50 வாட் போதும். 50-ஐ 11-ஆல் வகுத்தால் நாலரை. ஆக, அறை 20 டிகிரி என்றால் தரை 24.5 டிகிரியில் இருந்தால் போதும். நம் பாதத்தின் தோல் பெரும்பாலும் அதைவிடச் சூடானது. அதனால்தான் காலுக்குச் சூடு தெரிவதில்லை. சுவரில் மாட்டும் ரேடியேட்டர் சிறியது, ஆகவே அது கொதிக்க வேண்டியிருக்கிறது. தரை பெரியது, வெதுவெதுப்பே அதற்குப் போதும். ஐரோப்பியத் தரநிலையான ஈ.என். 1264 ஆட்கள் புழங்கும் இடத்தில் தரைக்கு 29 டிகிரியும், குளியலறையில் 33 டிகிரியும், ஜன்னலை ஒட்டிய ஓரப் பகுதியில் 35 டிகிரியும் உச்ச வரம்பாக வைத்திருக்கிறது.

இந்தச் சிறிய வித்தியாசத்தில் ஓர் அழகு ஒளிந்திருக்கிறது. பிற்பகல் வெயில் ஜன்னல் வழியே விழுந்து அறை 20-லிருந்து 22 டிகிரிக்கு ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 4.5 டிகிரி வித்தியாசம் 2.5 ஆகச் சுருங்குகிறது. எந்த வால்வும் அசையாமல், தரை தரும் வெப்பம் பாதிக்கு அருகில் குறைந்துவிடுகிறது. 55 டிகிரியில் இருக்கும் ரேடியேட்டருக்கு அதே 2 டிகிரி மாற்றம் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. தரை தன்னைத்தானே அடக்கிக்கொள்கிறது. ஆனால் தண்ணீரைத் தேவைக்கு மேல் சூடாக்கினால் இந்தக் குணம் மங்கிப்போகும்.

இன்னொரு பக்கம், தரை மிக மெதுவானது. நம் ஊர் மொட்டை மாடியை நினைத்துப் பாருங்கள். பகல் முழுதும் வெயிலில் காய்ந்த கான்கிரீட் இரவு பத்து மணிக்கும் வீட்டுக்குள் அனலை இறக்கிக்கொண்டிருக்கும். குழாய் புதைந்திருக்கும், 65 மி.மீ. தடிமனுள்ள சிமென்ட் சாந்துத் தளம் ஒரு சதுர மீட்டருக்கு 130 கிலோ எடை. 50 வாட் கொடுத்து அதை 1 டிகிரி ஏற்றவே சுமார் முக்கால் மணி நேரம் பிடிக்கும், அதுவும் வெப்பம் எங்கும் கசியாவிட்டால். காலையில் அணைத்துவிட்டு மாலையில் போட்டுக்கொள்ளலாம் என்ற பழக்கம் இங்கே எடுபடாது. போட்ட சூடு வந்து சேரும்போது தூங்கப் போகும் நேரமாகிவிடும்.

குழாயைப் பதிப்பது

அடியிலிருந்து தொடங்குவோம். கான்கிரீட்டின் மேல் முதலில் வெப்பக்காப்புப் பலகை. நாம் தெர்மோகோல் என்று சொல்லும் பாலிஸ்டைரீன்தான், ஆனால் டிவி பெட்டிக்குள் வரும் மெத்தென்ற ரகம் இல்லை. தரையின் பாரத்தைத் தாங்கும் கெட்டி ரகம். கீழே சூடான அறை இருந்தால் 25 முதல் 30 மி.மீ., மண் தரையோ சூடில்லாத நிலவறையோ இருந்தால் குறைந்தது 45 மி.மீ. என்பது தரநிலையின் கணக்கு. புது வீடுகளில் தரைத்தளத்துக்கு 100 மி.மீ.-க்கு மேலேயே போடுகிறார்கள், அதுதான் சரி. இதில் மிச்சம் பிடித்த காசு வீடு நிற்கும் காலம் முழுக்க மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும்.

சுவரைச் சுற்றி 8 முதல் 10 மி.மீ. நுரைப்பட்டை ஒட்ட வேண்டும். சாந்துத் தளம் சூட்டில் விரியும். விரிய இடமில்லாவிட்டால் வெடிக்கும். அறையின் எந்த மூலையிலும், கதவு நிலையிலும், தூணைச் சுற்றியும் இந்தப் பட்டை அறுபடக் கூடாது. தரை 40 சதுர மீட்டரைத் தாண்டினாலோ ஒரு பக்கம் 8 மீட்டரைத் தாண்டினாலோ நடுவிலும் விரிவு இடைவெளி விட வேண்டும். அந்த இடைவெளியைக் கடக்கும் குழாய்க்கு 30 செ.மீ. நீளத்துக்கு உறை மாட்ட வேண்டும். மறந்தால் இரண்டு தளங்களின் அசைவுக்கு நடுவே குழாய் தேயும்.

குழாய் பெரும்பாலும் 16 மி.மீ. வெளிவிட்டமும் 2 மி.மீ. சுவரும் கொண்ட, குறுக்குப் பிணைப்புள்ள பாலிஎதிலீன். அதன் சுவரில் ஆக்சிஜனைத் தடுக்கும் மெல்லிய படலம் ஒன்று இருக்கிறதா என்று அச்சிட்ட விவரத்தைப் படித்துப் பார்த்தே வாங்க வேண்டும். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

ஓர் உதாரணம்: 24 சதுர மீட்டர் கூடம். குழாய்களுக்கு நடுவே 15 செ.மீ. இடைவெளி. சதுர மீட்டருக்கு 6.7 மீட்டர் வீதம் 160 மீட்டர் குழாய் வேண்டும். ஒரே சுற்றாகப் போடக் கூடாது. 16 மி.மீ. குழாயில் ஒரு சுற்று 100 மீட்டருக்குள் இருப்பது நல்லது. 120-ஐத் தாண்டினால் உராய்வு ஏறிப் பம்பு திணறும். ஆகவே 80 மீட்டரில் இரண்டு சுற்று, மேனிஃபோல்டுக்கு (வெந்நீரை எல்லாச் சுற்றுகளுக்கும் பிரித்து அனுப்பித் திரும்பப் பெறும் இணைப்புத் தொகுதி) போய்வர 10 மீட்டர் சேர்த்துத் தலா 90. ஒவ்வொரு சுற்றும் நடுவில் இணைப்பே இல்லாத ஒரே குழாயாக இருக்க வேண்டும். நத்தைக் கூடு போல உள்ளே சுழன்று போய், போன வழிக்கு இடையிலேயே திரும்பி வரும்படி பதித்தால், சூடாகப் போகும் குழாயும் ஆறித் திரும்பும் குழாயும் பக்கத்துப் பக்கத்தில் அமையும். தரை முழுதும் சூடு சமமாக இருக்கும். பெரிய கண்ணாடி ஜன்னல் ஓரத்தில் இடைவெளியை 10 செ.மீ. ஆக்கலாம். சுவரிலிருந்து 5 செ.மீ. தள்ளி, அரை மீட்டருக்கு ஒரு கிளிப். வளைவின் ஆரம் 8 செ.மீ.-க்குக் குறைந்தால் குழாய் மடங்கிவிடும். மடங்கிய குழாயை நிமிர்த்திப் பயன்படுத்துவது கூடவே கூடாது.

சாந்து போடுவதற்கு முன் செய்யும் அழுத்தச் சோதனையை யாரும் தட்டிக்கழிக்க விடாதீர்கள். சுற்று சுற்றாகத் தண்ணீர் நிரப்பிக் காற்றை வெளியேற்றி, அழுத்தத்தை 6 பார் (அழுத்தத்தின் அலகு) வரை ஏற்றுகிறார்கள். பிளாஸ்டிக் குழாய் கொஞ்சம் விரிவதால் முதலில் அழுத்தம் இறங்கும். பயப்பட வேண்டாம், மறுபடி ஏற்றினால் நின்றுவிடும். பிறகும் இறங்கினால் கசிவு. சாந்து போடும்போதும் ஏற்றிய அழுத்தம் குழாயில் அப்படியே இருக்க வேண்டும். கொத்தனாரின் கரண்டியோ வண்டிச் சக்கரமோ குழாயைக் கிழித்தால் அந்த நொடியே தெரிந்துவிடும். குளிர்காலத்தில் சோதனைத் தண்ணீரை உள்ளேயே விட்டுப் போனால் உறைந்து குழாயை உடைக்கும். அப்போது காற்றால் சோதிப்பதே பாதுகாப்பு. இதே நாளில் அளவு நாடாவைத் தரையில் வைத்து எல்லா அறைகளையும் படம் பிடித்து வையுங்கள். ஐந்து வருடம் கழித்துக் கதவுக்குத் தடுப்பு வைக்கத் துளையிடும் ஒருவரிடமிருந்து குழாயைக் காப்பாற்றப் போவது அந்தப் படம்தான்.

குழாயின் மேல் சிமென்ட் சாந்து 45 மி.மீ. ஏறி நிற்க வேண்டும். அது ஆறவும் இறுகவும் 21 நாள் விட்டு, அதன் பிறகே முதல் சூடு. கால்சியம் சல்ஃபேட் கலவையானால் 7 நாள். முதலில் 20 முதல் 25 டிகிரித் தண்ணீரை 3 நாள் ஓடவிட்டு, பிறகு திட்டமிட்ட உச்ச வெப்பநிலைக்கு ஏற்றி 4 நாள் வைத்து, மெல்ல இறக்குகிறார்கள். இந்தச் சூடேற்றம் முடிந்தால் தளம் காய்ந்துவிட்டது என்று பலர் நம்பி மரத்தரையை ஒட்டிவிடுகிறார்கள். இது தளத்தின் உறுதியைப் பார்க்கும் சோதனை மட்டுமே. ஈரத்தைத் தனியாகக் கால்சியம் கார்பைடு முறையில் அளந்து, சிமென்ட் தளத்தில் 1.8 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகே மரம் போட வேண்டும்.

மேலே எதைப் போடுகிறோம் என்பது மின்கட்டணத்தையே மாற்றும். 50 வாட் வெப்பம் மேலேற, 10 மி.மீ. டைலுக்கு அரை டிகிரி கூடுதல் சூடு போதும். 15 மி.மீ. ஓக் மரத்துக்கு 4 டிகிரி. தரநிலை அனுமதிக்கும் அளவுக்குத் தடித்த கம்பளத்துக்கு ஏழரை டிகிரி. வெளிக்காற்றிலோ மண்ணிலோ உள்ள வெப்பத்தை மின்சாரத்தால் இழுத்துத் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட் பம்பில், தண்ணீரை ஒவ்வொரு டிகிரி ஏற்றும்போதும் திறன் 2 முதல் 2.5 சதவீதம் குறைகிறது. டைலையும் அந்தக் கம்பளத்தையும் ஒப்பிட்டால் வித்தியாசம் சுமார் 15 சதவீதம். எங்களைக் கேட்டால் டைல் அல்லது கல்.

நிரப்புவதும் சமன் செய்வதும்

எல்லாச் சுற்றுகளும் சேரும் இடம் மேனிஃபோல்டு: மேலே ஒன்று, கீழே ஒன்றாக இரு தடித்த குழாய்கள். ஒன்றில் ஒவ்வொரு சுற்றுக்கும் தண்ணீர் ஓடும் அளவைக் காட்டும் கண்ணாடி ஓட்டமானி, மற்றதில் ஆக்சுவேட்டர் (தெர்மோஸ்டாட் சொல்கிறபடி திறந்து மூடும் சிறு கருவி) மாட்டிய வால்வு. 90 மீட்டர் சுற்றில் சுமார் 10 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். நிரப்பும்போது மற்றச் சுற்றுகளை மூடிவிட்டு ஒன்றை மட்டும் திறந்து, வெளியேற்றும் ரப்பர் குழாயின் நுனியை வாளித் தண்ணீருக்குள் வைத்துக் குமிழி நிற்கும்வரை ஓடவிட வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்தால் தண்ணீர் சுலபமான வழியில் ஓடிவிடும், நீண்ட சுற்றில் காற்று தங்கிவிடும்.

சமன் செய்யும் கணக்கு: ஒரு சுற்று தர வேண்டிய வாட்டை, 70-ஐயும் வெப்பநிலை வீழ்ச்சியையும் பெருக்கி வந்த எண்ணால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று வரும். நம் கூடத்தின் ஒரு சுற்றுக்கு 600 வாட். போகும் தண்ணீருக்கும் திரும்பும் தண்ணீருக்கும் 5 டிகிரி வித்தியாசம் என்றால் 600-ஐ 350-ஆல் வகுக்க 1.7 லிட்டர். ஓட்டமானியைத் திருகி அந்த அளவுக்கு வைக்க வேண்டும். ஒன்றைத் திருகினால் மற்றவை மாறும், ஆகவே இரண்டு மூன்று முறை சுற்றி வர வேண்டும். குளியலறை சூடு, படுக்கையறை குளிர் என்ற புகார்களில் பெரும்பாலானவை இந்த அரை மணி நேர வேலையை யாரும் செய்யாததால் வருபவை.

கெடும்போது

ஓர் அறை மட்டும் குளிர்ந்தால் முதலில் ஓட்டமானியைப் பாருங்கள். பூஜ்யத்தில் நின்றால் ஆக்சுவேட்டரைக் கழற்றுங்கள். அதற்குள் மின்சாரத்தால் சூடாகி விரியும் மெழுகு இருக்கிறது. திறக்க மூன்று நான்கு நிமிடம் எடுப்பது இயல்பு. கழற்றிய பிறகு வால்வின் சிறு ஊசி வெளியே தெரியும். கோடை முழுதும் அசையாமல் கிடந்ததில் அது ஒட்டிக்கொண்டிருக்கும். மரத்துண்டால் மெல்ல அழுத்தி விட்டால் சில மில்லிமீட்டர் உள்ளே போய்த் தானாக எழ வேண்டும். இடுக்கியால் பிடித்து இழுத்தால் ஊசி கையோடு வந்து தண்ணீர் பீய்ச்சும். ஊசி நன்றாக ஆடியும் ஓட்டம் வரவில்லை என்றால் காற்று அடைத்திருக்கிறது; அந்தச் சுற்றை மட்டும் மறுபடி கழுவ வேண்டும். கோடையிலும் மாதம் ஒருமுறை வால்வுகளைத் திறந்து மூடினால் ஊசித் தொல்லையே வராது.

ஓட்டமானியின் கண்ணாடி கறுத்தால் உள்ளே இரும்பு துருப்பிடிக்கிறது என்று அர்த்தம். அந்தக் கறுப்பு மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடு. 1970, 80-களில் பதித்த பல குழாய்களில் ஆக்சிஜன் தடுப்புப் படலம் இல்லை. பிளாஸ்டிக் சுவரின் ஊடே காற்றிலுள்ள ஆக்சிஜன் தண்ணீருக்குள் மெல்லப் புகுந்து, பம்பையும் பாய்லரின் இரும்பையும் தின்றுகொண்டே இருக்கும். அப்படிப்பட்ட வீட்டில் மருந்து ஊற்றிக் கழுவுவது தற்காலிகம். தண்ணீரைக் கலக்கவிடாமல் வெப்பத்தை மட்டும் கடத்தும் தகட்டு வெப்பமாற்றி ஒன்றால் தரைச் சுற்றைப் பாய்லரிடமிருந்து பிரிப்பதே நிலையான வழி.

புது வீட்டில் ஆக்சிஜன் வருவது வேறு வழியாக: அழுத்தம் இறங்கும் ஒவ்வொரு முறையும் வீட்டுக் குழாயிலிருந்து புதுத் தண்ணீரை ஊற்றி ஏற்றுவதால். வருடத்துக்கு ஒருமுறை என்றால் பரவாயில்லை. மாதாமாதம் என்றால் விரிவுத் தொட்டியை (சூட்டில் தண்ணீர் விரிய இடம் தரும், ஒரு பக்கம் காற்று அடைத்த தொட்டி) சந்தேகியுங்கள். அதன் காற்று வால்வை ஒரு கணம் அழுத்தும்போது காற்றுக்குப் பதில் தண்ணீர் வந்தால் உள்ளிருக்கும் ரப்பர் படலம் கிழிந்துவிட்டது. தொட்டி நன்றாக இருந்தும் அழுத்தம் இறங்கினால் தரைக்குள் தேட வேண்டும். தரையை நன்றாக ஆறவிட்டு, ஒவ்வொரு சுற்றாகச் சூடேற்றி வெப்பக் கேமராவில் பார்த்தால் குழாயின் கோடுகள் எழுந்து வரும். கசியும் இடத்தில் கோடு கலைந்து திட்டாகப் பரவும். அந்த இடத்தில் மட்டும் உளியால் உடைத்து, பழுதான துண்டை வெட்டி, அழுத்தி இறுக்கும் இணைப்பு ஒன்றைப் போட்டு, சிமென்ட் படாமல் சுற்றி மூடிவிட்டு, இணைப்பின் இடத்தை வரைபடத்தில் குறித்து வைக்கிறார்கள்.

வீட்டுக்காரர் வருடம் ஒருமுறை செய்ய வேண்டியது கொஞ்சம்தான். இரும்புத் துருவைப் பிடிக்கும் காந்த வடிகட்டியைக் கழுவுவது, அழுத்தம் 1 முதல் 1.5 பாருக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது, ஓட்டமானி அளவுகளைப் போன வருடத்துக் குறிப்போடு ஒப்பிடுவது. அதோடு, எல்லா அறைகளின் தெர்மோஸ்டாட்டையும் முழுதாகத் திறந்துவிட்டுத் தண்ணீரின் வெப்பநிலையை 1 டிகிரி இறக்கிப் பாருங்கள். இரண்டு நாள் கழித்தும் வீடு 20 டிகிரியில் நின்றால் இன்னும் 1 டிகிரி இறக்கலாம். ஏதாவது ஓர் அறை குளிரத் தொடங்கினால் ஒரு டிகிரி ஏற்றி, அங்கேயே விட்டுவிடலாம்.