மாலைமாற்று: டிஎன்ஏவில் இருக்கும் பாலிண்ட்ரோம்

கிரேக்கத்தில் 'பாலின்' என்றால் திரும்ப, 'ட்ரோமோஸ்' என்றால் ஓட்டம். இரண்டும் சேர்ந்து பாலிண்ட்ரோம். தமிழில் இதற்குப் பழைய பெயரே இருக்கிறது: மாலைமாற்று. எழுத்துகளை வைத்து விளையாடும் சித்திரகவி வகைகளில் ஒன்று. 'யாமாமாநீ' என்று தொடங்கும் சம்பந்தர் பதிகத்தின் ஒவ்வொரு பாட்டும், கடைசி எழுத்திலிருந்து படித்தாலும் அதே பாட்டாகவே வரும்.

மரபியலில் இந்தச் சொல்லுக்குப் பொருள் கொஞ்சம் மாறுகிறது. டிஎன்ஏவுக்கு இரண்டு இழைகள். ஒவ்வொன்றும் ஏ, டி, ஜி, சி என்று குறிக்கப்படும் நான்கு வேதிப் பொருள்களின் வரிசை. ஒன்றில் ஏ இருந்தால் எதிரில் டி, ஜி இருந்தால் எதிரில் சி. இரண்டும் எதிரெதிர்த் திசையில் படிக்கப்படுபவை. ஜிஏஏடிடிசி என்ற வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். எதிர் இழையில் சிடிடிஏஏஜி இருக்கும். அதை அதன் திசையில், அதாவது வலமிருந்து இடமாகப் படித்தால் மறுபடியும் ஜிஏஏடிடிசி! ஈகோ ஆர் ஒன் என்ற நொதி டிஎன்ஏவை வெட்டுவது இந்த இடத்தில்தான். அந்த நொதிக்கும் ஒரே மாதிரியான இரண்டு பாதிகள் உண்டு. ஆளுக்கு ஓர் இழையை வெட்டுகின்றன.

இதற்குள் அழகான கணக்கு ஒன்று இருக்கிறது. 'விகடகவி'க்கு ஐந்து எழுத்து, நடுவில் 'ட'. டிஎன்ஏவில் அப்படி ஒற்றைப்படையில் அமையவே முடியாது. நடு எழுத்து தனக்குத் தானே ஜோடியாக வேண்டியிருக்கும். நான்கில் எதுவும் அப்படி ஆகாது. அப்புறம், ஆறெழுத்தில் முதல் மூன்றைச் சொல்லிவிட்டால் மீதி மூன்றும் முடிவாகிவிடும். அதனால் ஆறெழுத்தில் அமையக்கூடிய 4,096 வரிசைகளில் 64 மட்டுமே மாலைமாற்று.

சரி, டிஎன்ஏவின் இந்தப் பாலிண்ட்ரோமைத் தமிழில் எப்படி எழுதலாம்? 'மாலைமாற்று' என்று மட்டும் எழுதினால் ஓர் இழையையே திருப்பிப் படிக்கத் தோன்றும். 'ஈரிழை மாலைமாற்று' என்பதே பொருத்தம் என்பேன்.

மனிதரின் ஒய் குரோமோசோமில் இவை பிரம்மாண்டமான அளவில் இருக்கின்றன. 2003இல் மரபியல் ஆய்வாளர் டேவிட் பேஜ் குழுவினர் எட்டைக் கண்டறிந்தார்கள். பெரியதன் நீளம் சுமார் 29 லட்சம் எழுத்துகள். நடுவில் சிறு இடைத்துண்டு. இரு பக்கங்களும் 99.97 சதவீதம் ஒத்துப்போகின்றன. ஒய்யின் பெரும்பகுதிக்கு, பிழை திருத்த உதவும் ஜோடி குரோமோசோம் கிடையாது. அதனால் ஒரு பக்கத்தில் பிழை விழுந்தால் மறுபக்கத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்கிறது. இந்த ஒற்றுமையால் ஆபத்தும் உண்டு. ஒத்த துண்டுகள் தவறாக இணைந்தால் விந்தணு உற்பத்திக்கான ஜீன்கள் அறுந்துபோகலாம். ஆண் மலட்டுத்தன்மைக்கு அதுவும் ஒரு காரணம்.