ஃப்ரீ ராடிக்கல்: தனி உறுப்பா, தனி மூலிகமா?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் மருந்தகத்தில் வைட்டமின் சி கேட்டால் ‘ஃப்ரீ ராடிக்கல்’ பேச்சும் கூடவே வரும். உடம்பைக் கெடுக்கும் அதை இந்த மாத்திரை ஒழித்துவிடுமாம். ஆனால் அந்தச் சொல்லுக்குள் கெடுதல் என்ற பொருளே கிடையாது.

இலத்தீனில் ‘ராடிக்ஸ்’ என்றால் வேர். பிரெஞ்சு வேதியியலார் கீட்டோன் டி மொர்வோ 1787-இல் அமிலங்களின் அடிப்படைப் பகுதிக்கு ‘ராடிக்கல்’ என்று பெயர் வைத்தார். அது தனித்து இருக்கவே முடியாது என்று பிற்பாடு பலர் நம்பினார்கள். 1900-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மோசஸ் கோம்பர்க் தனித்து நிற்கும் ஒன்றைக் காட்டினார். இன்றைய பொருள், இணை சேராத எலக்ட்ரானை வைத்திருக்கும் அணு அல்லது மூலக்கூறு.

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதைத் ‘தனி உறுப்பு’ என்கின்றன. ராடிக்கலுக்கு இலங்கை வழக்கு ‘மூலிகம்’. மூலம் என்பதே வேர்தானே! என் ஓட்டு ‘தனி மூலிகம்’ என்பதற்கு. கல்லீரலையும் சிறுநீரகத்தையும் பேசும் கட்டுரையில் ‘உறுப்பு’ இரண்டு வேலை பார்த்தால் வாசகர் திண்டாடுவார். மூலிகை என்று யாராவது படித்துவிட்டால் சிரித்துவிட்டுப் போகலாம்.

வைட்டமினுக்குத் தமிழில் ‘உயிர்ச்சத்து’ இருக்கிறது. உயிர்வேதியியலார் காசிமிர் ஃபங்க் 1912-இல் ‘வைட்டமின்’ என்ற சொல்லை உருவாக்குவதற்கு முன்பே, கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் மருத்துவர் வில்லியம் ஃபிளெச்சர் பச்சரிசியையும் புழுங்கலரிசியையும் தனித்தனியே கொடுத்துப் பார்த்தார். வைட்டமின் பி1 குறைவால் வரும் பெரிபெரி நோய் வந்தது பச்சரிசி தின்றவர்களுக்கு. நம் தோட்டத்துப் புழுங்கல் சோற்றுக்கு அறிவியலில் இப்படியும் ஓர் இடம்.

இனி விளம்பரம் சொல்லாத பகுதி. வைட்டமின் சி ஓர் எலக்ட்ரானைக் கொடுத்ததும் தானே ‘அஸ்கார்பில் தனி மூலிகம்’ ஆகிவிடுகிறது. சாதுவான வகை இது. இரண்டு சந்தித்தால் ஒன்று அஸ்கார்பேட்டாக, அதாவது உடம்பில் வைட்டமின் சி இருக்கும் வடிவமாக மீளும், மற்றது அதன் ஆக்சிஜனேறிய வடிவமான டீஹைட்ரோ அஸ்கார்பேட்டாக மாறும். இணை சேராத எலக்ட்ரானைக் கண்டறியும் எலக்ட்ரான் சுழற்சி ஒத்ததிர்வுக் கருவியில் அந்த மூலிகம் இரட்டைக் கோடாகத் தெரியும்.

அந்தக் கோடு எவ்வளவு வலுவாகத் தெரியும் என்பது எந்தத் திரவத்தில் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. காரத்தன்மை கூடினால் மூலிகமும் கூடும். கட்டவிழ்ந்த இரும்பு, செம்பு அயனிகள் அஸ்கார்பேட்டை வேகமாக ஆக்சிஜனேற்றும். இரத்தத்திலோ டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, செம்பில் பெரும்பகுதி செருலோபிளாஸ்மின் என்ற புரதத்துக்குள் அடங்கிக் கிடக்கிறது. அஸ்கார்பேட் ஆக்சிஜனேறும்போது கூடவே உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிவப்பணுக்களின் கேட்டலேஸ் என்ற நொதி உடைத்துவிடும். சோதனைக்குழாயில் கண்டதை அப்படியே உடம்புக்குப் பொருத்த முடியாதது இதனால்தான்.

அமெரிக்க ஆய்வாளர் மார்க் லெவின் குழு 2007-இல் எலிகளுக்கு மிக அதிக அளவு அஸ்கார்பேட்டை ஊசிவழி செலுத்தியது. செல்களுக்கு வெளியே திசுக்களில் தேங்கும் நீரில் தனி மூலிகமும் பெராக்சைடும் உண்டாயின. இரத்தத்தில் மூலிகம் மிகக் குறைவு, பெராக்சைடு தென்படவே இல்லை. வாய்வழி கொடுத்தபோது திசுநீரிலும் அந்த அளவு எட்டவில்லை.