தெருவில் இறங்காமல் தெருவை அளக்காதீர்கள்

இந்தப் பருவத்தில் மதிப்பிடுவதற்காக என்னிடம் வந்த ஆய்வேடுகளில் இது மூன்றாவது. குடியிருப்புத் தெருக்கள் நடப்பதற்கு எவ்வளவு ஏற்றவை என்று நூற்றுக்கணக்கில் மதிப்பெண் இட்டிருக்கும் மாணவர், அவற்றில் ஒன்றில்கூடக் கால் வைக்கவில்லை என்பது ஆய்வு முறையை விவரிக்கும் பகுதிக்கு வந்தபோதுதான் தெரிந்தது.

இப்படி மதிப்பெண் இடப் பயன்படும் குறியீடு, அதாவது தெருச் சந்திப்புகளின் அடர்த்தி, குடியிருப்பு அடர்த்தி, நிலப் பயன்பாட்டுக் கலப்பு (வீடு, கடை, அலுவலகம் எல்லாம் கலந்திருக்கும் அளவு) ஆகியவற்றைக் கூட்டிப் பெறும் எண், பயனற்றது என்று நான் சொல்லவில்லை. கடையும் பள்ளியும் பேருந்து நிறுத்தமும் நடந்து போகும் தொலைவில் அமையக்கூடிய பகுதியா, அங்கே போகப் பல வழிகள் உண்டா என்பதை அது ஓரளவு சொல்லும், அவ்வளவுதான். அந்த வழியில் நடைபாதை இருக்கிறதா, இருந்தால் அதன்மேல் வண்டிகள் நிற்கின்றனவா, வடிகாலுக்கு மூடி உண்டா, வெயிலுக்கு நிழல் உண்டா, பச்சை விளக்கு எரியும் நேரத்துக்குள் ஊன்றுகோலுடன் வருபவர் மறுபக்கம் போய்ச் சேர்வாரா என்ற எந்தக் கேள்விக்கும் அதில் விடை கிடையாது. ஒரே குறியீட்டெண் பெற்ற இரண்டு தெருக்களில் ஒன்றில் குழந்தை தனியாக நடந்து பள்ளிக்குப் போகலாம். மற்றொன்றில் பெரியவர்களே ஓரமாக நடக்க வழியின்றி வாகனங்களுக்கு நடுவே இறங்க நேரலாம். வீட்டைச் சுற்றி 500 மீட்டர் ஆரத்தில் வட்டம் வரைந்துவிட்டு, இடையே ஓடும் ரயில் பாதையைக் கவனிக்காமல் விடுவதும் இதே பிழையின் இன்னொரு வடிவம். தொலைவைத் தெருக்களின் வழியே அளக்க வேண்டும்.

கூகுள் ஸ்ட்ரீட் வியூ படங்களை வைத்துச் செய்தோம் என்பார்கள். செய்யுங்கள், ஆனால் ஒவ்வொரு படமும் எடுக்கப்பட்ட மாதத்தையும் ஆண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்; அடுத்தடுத்த தெருக்களின் படங்களுக்கிடையே சில ஆண்டு இடைவெளி இருக்கலாம்.

இனி, ஒரே தெருக்களை மதிப்பிட்ட இரண்டு மதிப்பீட்டாளர்கள் 95 விழுக்காடு ஒத்துப்போனார்கள் என்ற பெருமிதத்துக்கு வருவோம். 100 தெருத்துண்டுகளில் 95இல் இருவருமே 'நடைபாதை உண்டு' என்று எழுதி, மீதி ஐந்தில் ஒருவர் மூன்றிலும் மற்றவர் இரண்டிலும் மட்டும் 'உண்டு' என்று முரண்பட்டால், தற்செயலாக ஒத்துப்போகக்கூடிய அளவைக் கழித்துவிட்டு ஒப்புதலை அளக்கும் கோஹனின் காப்பா என்ற எண் பூச்சியத்துக்கும் சற்றுக் கீழே போய்விடும். (இருவரும் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் 'உண்டு' என்றே எழுதுவதால், தற்செயலாகவே 95 விழுக்காட்டுக்குச் சற்று மேல் ஒத்துப்போயிருப்பார்கள்.) அதற்காக மதிப்பீட்டாளர்களைக் குறை சொல்ல வேண்டாம், அந்தக் கேள்வி உங்கள் தெருக்களை வேறுபடுத்திக் காட்டவில்லை என்பதே பொருள். இரண்டு எண்களையும் வெளியிடுங்கள்.

களத்துக்குப் போகும் இருவரும் தம்முள் பேசிக்கொள்ளாமல் தனித்தனியே படிவத்தை நிரப்பட்டும், நாளையும் நேரத்தையும் எழுதட்டும். தயவுசெய்து ஒரு முறையாவது இருட்டிய பிறகும் போய்ப் பாருங்கள். ஆனால் தனியாகப் போக வேண்டாம்.