தலைப்பகுதியில் பெயரில்லாத ஜப்பானிய கிட்டாரை அடையாளம் காண்பது எப்படி?

வாசகர் ஒருவர் சில ஒளிப்படங்களை அனுப்பிக் கேள்வி கேட்டிருந்தார். பழைய பொருள் கடையில் அவர் வாங்கிய மின் கிட்டாரில், கழுத்தும் உடலும் சேருமிடத்தில் நான்கு திருகுகளால் பொருத்திய உலோகத் தகடு ஒன்று இருக்கிறது. அதில் 'ஸ்டீல் ரீஇன்ஃபோர்ஸ்டு நெக்' என்றும் 'மேட் இன் ஜப்பான்' என்றும் பொறித்திருக்கிறார்கள். தலைப்பகுதியில் பெயர்த்தகடு இருந்த இடத்தில் துளைகள் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. இதை எந்த நிறுவனம், எந்தக் காலத்தில் செய்தது என்று கண்டுபிடிக்க முடியுமா என்பது அவர் கேள்வி. பெரும்பாலும் முடியும். பெயர்த்தகடு தொலைந்துபோனது பலர் நினைக்கும் அளவுக்குப் பெரிய இழப்பும் அல்ல.

1965 ஜனவரியில் வெஞ்சர்ஸ் என்ற அமெரிக்க கிட்டார் இசைக்குழு ஜப்பானில் நிகழ்த்திய கச்சேரிகளுக்குப் பிறகு அந்நாட்டில் மின் கிட்டார் மோகம் உச்சத்தை எட்டியது. அதே பத்தாண்டில் அமெரிக்க இறக்குமதியாளர்களும் ஜப்பானியத் தொழிற்சாலைகளிடம் மலிவான கிட்டார்களைக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள். 1946இல் டோக்கியோவில் தொடங்கி 1967இல் கவாய் நிறுவனத்தின் கைக்குப் போன டைஸ்கோ, தன் கிட்டார்களை அமெரிக்காவில் 'டைஸ்கோ டெல் ரே' என்ற பெயரில் விற்றது. அதே தொழிற்சாலையின் கிட்டார்கள் சியர்ஸ் கடைகளில் 'சில்வர்டோன்' என்ற பெயரிலும் விற்பனையாயின. நகானோ மாநிலத்தின் மட்சுமோட்டோ நகரில், தையல் இயந்திரங்களுக்கு மரப்பெட்டி செய்துவந்த மட்சுமோகு என்ற ஆலை அரியா, யூனிவாக்ஸ் ஆகிய பெயர்களுக்கும், 1970களில் எபிஃபோனுக்கும் கிட்டார் செய்தது. அதே நகரில் 1960இல் தொடங்கிய ஃபுஜிஜென் என்ற ஆலை ஐபனேஸ், கிரெக்கோ என்ற இரு பெயர்களுக்கும் செய்து கொடுத்தது. ஆகவே தலைப்பகுதியில் உள்ள பெயரை வைத்துத் தொழிற்சாலையைச் சொல்வது, துணிக்கடைப் பையில் அச்சிட்ட பெயரைப் பார்த்துச் சேலை நெய்த ஊரைச் சொல்வது போன்றது.

மாடல் எண் தெரிந்தால் அதற்கே ஓர் இலக்கணம் உண்டு. டைஸ்கோ டெல் ரே வரிசையில் 'இ.டி. 110' என்றால் மின் கிட்டார், டிரெமலோ கைப்பிடி (தந்திகளின் சுருதியை ஏற்றி இறக்கும் நெம்புகோல்) உள்ளது, ஒரு பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்னழுத்தமாக மாற்றும் பாகம்) கொண்டது என்று பொருள். டிரெமலோ இல்லாதது வெறும் 'இ. 110'. 'இ.டி. 200' இரண்டு பிக்கப் கொண்டது, 'இ.டி. 460' நான்கு பிக்கப் கொண்டது. எண்ணின் முதல் இலக்கமே பிக்கப்களின் எண்ணிக்கை என்பதால், எண் தொலைந்திருந்தாலும் கிட்டாரைப் பார்த்தே தேட வேண்டிய வரிசையைப் பாதியாகக் குறைத்துவிடலாம்.

அடுத்து ஒரு வெர்னியர் அளவுகோலை எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானியர் மெட்ரிக் அளவில் வேலை செய்தார்கள், அமெரிக்கர் அங்குல அளவில் செய்தார்கள். ஒலியளவுக் குமிழுக்குக் கீழே உள்ள பொட்டென்ஷியோமீட்டரின் (திருகினால் மாறும் மின்தடையின்) துளை விட்டத்தில் 8 மில்லிமீட்டர் அளவாக இருந்தால் அது ஜப்பானிய வேலை, 9.5 மில்லிமீட்டர் இருந்தால் ஒன்று அமெரிக்கக் கிட்டார், அல்லது பின்னாளில் யாரோ அமெரிக்கப் பாகம் நுழையத் துளையைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். துளையின் விளிம்பில் புதிய மரம் வெளுப்பாகத் தெரிந்தால் இரண்டாவதுதான் நடந்திருக்கிறது. தந்தியின் அதிர்வு நீளத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும்: நட்டிலிருந்து (தலைப்பகுதியை ஒட்டித் தந்திகள் அமரும் பட்டையிலிருந்து) 12ஆம் ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கம்பி) வரை அளந்து இரட்டித்தால் போதும். 648 மில்லிமீட்டர் அமெரிக்க நிறுவனமான ஃபெண்டரின் வழக்கம். 628 அளவை ஒட்டி வந்தால் இன்னோர் அமெரிக்க நிறுவனமான கிப்சனின் வழக்கம்.

வரிசை எண்ணைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 1960களின் ஏற்றுமதிக் கிட்டார்களில் கழுத்துத் தகட்டில் இருக்கும் எண்களிலிருந்து ஆண்டைப் பிரித்தெடுப்பது பொதுவாக இயலாது. நம்பத்தக்க முறை 1975இன் இறுதியில் ஐபனேஸில் வந்தது: முதல் எழுத்து மாதம், அடுத்த இரண்டு இலக்கங்கள் ஆண்டு. ஆங்கில வரிசையில் எட்டாவது எழுத்தான எச், அதன்பின் 78 என்று தொடங்கினால் 1978 ஆகஸ்ட். ஆனால் 1987 முதல் எஃப் என்ற எழுத்து ஃபுஜிஜென் தொழிற்சாலையைக் குறிக்கத் தொடங்கியது. அதன்பின் வரும் ஒரே இலக்கம்தான் ஆண்டு. ஆகவே எஃப் 761234 என்பது 1976 ஜூனாகவும் இருக்கலாம், 1987ஆகவும் இருக்கலாம். தந்திகளைப் பூட்டும் டிரெமலோ அதில் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டிருந்தால் அது 1976ஆக இருக்க வழியில்லை. எண் தனியாக எதையும் நிரூபிப்பதில்லை. பாகங்கள் அதற்குச் சாட்சி சொல்ல வேண்டும்.

அந்தச் சாட்சிகளில் எனக்கு மிகப் பிடித்தது பிக்கப். கிட்டாரின் வேறெந்தப் பாகத்தையும்விட அதிகமாக, செய்தவரின் கைப்பழக்கத்தை எண்களாகவே சேமித்து வைத்திருப்பது அதுதான்.

1831இல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டலைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம்: சுருளுக்குள் செல்லும் காந்தப் பாயம் மாறினால் சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். கிட்டாரில் காந்தமும் அசைவதில்லை, சுருளும் அசைவதில்லை. பிறகு பாயம் எப்படி மாறுகிறது? பிக்கப்புக்குள் இருக்கும் நிலைக்காந்தம், தனக்கு மேலே செல்லும் எஃகுத் தந்தியின் அந்தச் சிறு பகுதியையே காந்தமாக்கிவிடுகிறது. அதிர்வது இப்போது வெறும் தந்தி அல்ல, ஒரு மெல்லிய காந்தம். அது நெருங்கி விலகும்போது சுருளுக்குள் பாயம் கூடிக் குறைகிறது. நைலான் தந்தி கட்டினால் கிட்டார் ஊமையாகிவிடுவதற்குக் காரணமும் இதுவே. பிறக்கும் மின்னழுத்தம் தந்தியின் இடப்பெயர்ச்சிக்கு அல்ல, அதன் வேகத்துக்கே இசைந்து நடக்கிறது என்பதை நான் எத்தனை முறை எண்ணிப் பார்த்தாலும் வியப்புக் குறைவதில்லை.

இதைக் கண்ணால் பார்க்க முள் வைத்த பழைய மல்டிமீட்டர் ஒன்று போதும். மீட்டரைப் பிக்கப்பின் இரு கம்பிகளோடு இணைத்து, மின்தடை அளவில் வைத்து, முள் அசையாமல் நின்றதும் ஒரு ஸ்குரூடிரைவரின் இரும்பு முனையைப் பிக்கப்பின் மேல் தொடுங்கள். முள் ஒரு பக்கம் துள்ளும். முனையை எடுத்தால் மறுபக்கம் துள்ளும். எந்தப் பக்கம் முதலில் துள்ளுகிறது என்பது, சுருள் சுற்றிய திசையும் காந்தத் துருவமும் சேர்ந்து தரும் விடை. ஒரு திசைகாட்டியால் துருவத்தைத் தனியாகக் கண்டுகொண்டால், சுற்றிய திசை தானே வெளிப்படும். நான்கு பிக்கப்களில் மூன்று ஒரே திசையில் துள்ளி ஒன்று மட்டும் எதிர்த்திசையில் துள்ளினால், அந்த ஒன்று வேறு கிட்டாரிலிருந்து வந்ததா, கம்பிகள் மாற்றிப் பற்றவைக்கப்பட்டனவா என்று விசாரிக்க வேண்டும்.

பிறகு மின்தடையைப் படியுங்கள். ஃபெண்டர் வகை ஒற்றைச்சுருள் ஏறத்தாழ 6 கிலோ ஓம் காட்டும். கிப்சன் வகை ஹம்பக்கர் (இரட்டைச்சுருள் பிக்கப்) 7.5 முதல் 8.5 வரை காட்டும். கிட்டாரைத் திறக்காமல் ஜாக் (கேபிள் செருகும் துளை) வழியாக அளப்பவர்கள் மற்ற பிக்கப்களின் சுவிட்சுகளை அணைக்க மறக்கக் கூடாது. 6 கிலோ ஓம் கொண்ட நான்கு பிக்கப்கள் பக்க இணைப்பில் ஒன்றாகச் சேர்ந்தால் மீட்டர் 1.5 என்று சொல்லும். வெப்பநிலையையும் குறித்துக்கொள்ள வேண்டும். செம்பின் மின்தடை ஒவ்வொரு செல்சியஸ் பாகைக்கும் சுமார் 0.39 விழுக்காடு கூடுகிறது. 20 பாகையில் 7.0 கிலோ ஓம் உள்ள சுருள், 10 பாகைக் குளிரில் 6.7 என்றும், 35 பாகை வெயிலில் 7.4 என்றும் காட்டும். இணையத்தில் இரண்டு உரிமையாளர்கள் "உன்னுடையது போலி" என்று சண்டையிடும் வேறுபாடு பல நேரங்களில் இவ்வளவுதான்.

மின்தடை மட்டும் தொனியைச் சொல்லிவிடாது. சுருளின் தூண்டமும், கேபிளின் மின்தேக்குத்திறனும் சேர்ந்து ஓர் ஒத்ததிர்வுச் சுற்றை உருவாக்குகின்றன. அதன் உச்சம் எந்த அதிர்வெண்ணில் விழுகிறதோ அதுவே நம் காது 'பிரகாசம்' என்றும் 'மந்தம்' என்றும் உணரும் குணம். 2.5 ஹென்றி தூண்டம் கொண்ட சுருளோடு 500 பிக்கோஃபாரடு சேர்ந்தால் உச்சம் சுமார் 4,500 ஹெர்ட்ஸில் விழும். கேபிளை இரட்டிப்பு நீளமாக்கி 1,000 பிக்கோஃபாரடு ஆக்கினால் அது 3,200 ஹெர்ட்ஸ் அருகே இறங்கிவிடும். டைஸ்கோவின் புகழ்பெற்ற 'கோல்டு ஃபாயில்' பிக்கப்களில், மூடியின் வெட்டுகள் வழியே மின்னும் தங்கநிறத் தகடு வெறும் அலங்காரம். ஒலியைத் தீர்மானிப்பவை சுருளின் வடிவமும், காந்தமும், சுழல் மின்னோட்டத்தால் உச்சத்தைச் சற்றே மழுக்கும் உலோக மூடியும்தான். அமெரிக்க கிட்டார் கலைஞர் ரை கூடர் தன் கிட்டாரில் அதைப் பொருத்திக்கொண்டது அவர் காது கேட்டறிந்த இந்தக் குணத்துக்காகவே என்று நான் கருதுகிறேன்.

இந்த இடத்தில் மூடநம்பிக்கை ஒன்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 'வழக்குக் கிட்டார்' என்ற சொல்லைச் சொல்லி 1970களின் எந்த ஜப்பானியப் பிரதிக்கும் விலையை ஏற்றுகிறார்கள். நடந்த வழக்கு ஒன்றே: கிப்சனின் தாய் நிறுவனமான நார்லின், ஐபனேஸின் அமெரிக்கக் கிளையான எல்கர்மீது 1977 ஜூனில் தொடுத்தது, அதுவும் தலைப்பகுதியின் வடிவத்தைப் பற்றியது. ஒலியைப் பற்றி அதில் எதுவும் இல்லை. இத்தகைய கதைகள் பரவுவதற்கு உண்மையான பதிவுகள் பொதுவெளியில் கிடைக்காததும் ஒரு காரணம். ஓர் ஆலை மூடப்படும்போது அதன் உற்பத்திப் பதிவேடுகளையும் மாதிரிகளையும் காக்கப் பல்கலைக்கழகங்களும் அரசுகளும் நிதி ஒதுக்க வேண்டும். தொழில்நுட்ப வரலாற்றில் இவ்வளவு சிறிய செலவில் இவ்வளவு அறிவைக் காக்கும் வேலைகள் குறைவு.

மீட்டர் எதையுமே காட்டாமல் முடிவிலி என்று நின்றால், சுருள் எங்கோ அறுந்திருக்கிறது. அப்போதும் பிக்கப்பைத் தூக்கி எறிய வேண்டாம். 0.06 மில்லிமீட்டர் அளவே தடிமன் உள்ள அந்தச் செம்புக் கம்பி பெரும்பாலும் பற்றவைத்த முனையிலோ அதன் அருகிலோதான் அரித்துப்போகும். உருப்பெருக்கிக் கண்ணாடியோடு வெளிச்சுற்றின் முனையைத் தேடி, எனாமலைச் சுரண்டி மீண்டும் பற்றவைத்தாலே பல பிக்கப்கள் உயிர்பெறும். உட்சுற்றில் அறுந்திருந்து முழுவதும் புதிதாகச் சுற்றியே ஆக வேண்டுமென்றால், அதே கிட்டாரில் பிழைத்திருக்கும் மற்ற பிக்கப்களின் மின்தடையையும், துள்ளும் திசையையும், அளந்தபோதிருந்த வெப்பநிலையையும் தாளில் எழுதிச் சுற்றுபவரிடம் கொடுங்கள்.