கடைசி மணி அடித்தபிறகும் ஓயாத உடம்பு

பதினொன்றாம் வகுப்பு விலங்கியலில் அட்ரீனல் சுரப்பியைப் பல வருடம் நடத்தியிருக்கிறேன். ஆபத்து வந்தால் இதயம் வேகமாகத் துடிக்கும், ஓடவோ எதிர்க்கவோ உடம்பு தயாராகும் என்று பலகையில் எழுதிப்போட்டுவிட்டு அடுத்த பீரியடுக்கு ஓடியிருக்கிறேன். அந்தச் சுரப்பி எனக்குள்ளும் விடாமல் வேலை செய்துகொண்டிருக்கிறது என்பது உறைக்க வெகுகாலம் ஆனது.

அது வேலை செய்யும் விதம் அழகானது. நெருக்கடி என்று மூளை கணித்ததும், மூளையின் ஒரு பகுதியான ஹைப்போதலாமஸ் ஒரு ஹார்மோனை அனுப்பி, அதன் கீழே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, பிட்யூட்டரி இன்னொன்றை ரத்தத்தில் விட, சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அதே சுரப்பி விடும் இன்னொரு ஹார்மோனான அட்ரினலின் நொடிகளில் வேலையைக் காட்டிவிடும். கார்டிசால் நிதானமாக ஏறி, ரத்தத்தில் சர்க்கரையைக் கூட்டி, அப்போதைக்கு அவசரமில்லாத வேலைகளை ஒத்திப்போடும். அப்புறம் அதே கார்டிசால் மூளைக்குப் போய் 'போதும், நிறுத்து' என்று சொல்லும். அதிகாரி திடீரென்று ஆய்வுக்கு வந்த அன்று நாம் வழக்கத்தைவிடக் கூர்மையாகப் பாடம் நடத்துவதும் இதனால்தான். அழுத்தம் வருவதில் கெடுதல் இல்லை, வந்தது அடங்க நேரம் வேண்டும்.

நம் நாளில் அந்த நேரம் எங்கே இருக்கிறது? காலை வழிபாடு முடிந்ததும் எமிஸ் என்ற கல்வித்துறை இணையதளத்தில் வருகைப் பதிவு, நெட் கிடைக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும் திரை, ஐந்து பீரியட், மிச்சமிருந்த ஃப்ரீ பீரியடிலும் லீவில் இருப்பவரின் வகுப்பு, மாலையில் ஸ்பெஷல் கிளாஸ், வீட்டுக்கு ஒரு கட்டு விடைத்தாள், இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் 'நாளை காலைக்குள் அனுப்பவும்'. ஒவ்வொன்றும் சின்னதுதான், ஆனால் ஒன்று அடங்குமுன் அடுத்தது வந்துவிடுகிறது. காலையில் உச்சத்திலும் நள்ளிரவையொட்டி அடிமட்டத்திலும் இருக்க வேண்டிய கார்டிசால், நீண்டகால அழுத்தத்தில் அந்த ஏற்ற இறக்கம் குறைந்து தட்டையாவதைப் பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள்.

இன்னொரு சுமை யார் கண்ணிலும் படுவதில்லை. வீட்டில் காய்ச்சலோடு குழந்தையை விட்டுவிட்டு வந்து, எச்.எம். அறையில் வாங்கிக்கட்டிக்கொண்டு, அடுத்த நிமிடம் 45 பிள்ளைகள் முன் சிரித்த முகத்தோடு நிற்கிறோம். உணர்ச்சியை முகத்தில் காட்டாமல் அடக்கினால் உள்ளே அது குறைவதில்லை, உடம்பின் பதற்றம்தான் கூடுகிறது என்று உளவியலாளர்கள் ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன் இருவரும் 1990களில் சோதனை செய்து காட்டினார்கள். சும்மா நின்று பேசுவதற்கு என்ன களைப்பு என்று கேட்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

இப்படியே போனால் வருவதுதான் பர்ன்அவுட், அதாவது வேலையில் எரிந்து ஓய்ந்துபோவது. நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவமனையில் ஆர்வத்தோடு உழைத்தவர்கள் ஓய்ந்துபோவதைக் கண்டு, உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் 1974இல் அதைப் பற்றி எழுதினார். இன்னொரு உளவியலாளர் கிறிஸ்டினா மஸ்லாக் அதில் மூன்று கூறுகளைப் பிரித்தார்: மனம் வற்றிப்போவது, எதிரில் இருப்பவர்களிடமிருந்து விலகிப்போவது, தன் வேலையால் எந்தப் பயனும் இல்லை என்று தோன்றுவது. எனக்கு நடுவில் இருப்பதுதான் வலிக்கிறது. பிள்ளைகள் பெயரெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்த டீச்சர் ஒருநாள் 'இதுங்களுக்கு என்ன சொன்னாலும் ஏறாது' என்கிறார். அவர் கெட்டவராகிவிடவில்லை. கொடுத்துக் கொடுத்துத் தீர்ந்துபோன மனம், மிச்சத்தைக் காப்பாற்றிக்கொள்ளத் தூரமாக நிற்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் பர்ன்அவுட்டை நோய் என்று சொல்லவில்லை, வேலையோடு சேர்ந்த நிகழ்வு என்றே வகைப்படுத்தியது. இது முக்கியம். வேலை அதிகமாக இருந்து, அதன்மேல் நம் பிடி குறைவாகவும் இருந்தால்தான் அழுத்தம் மிகவும் கடுமையாகிறது என்று ஆய்வாளர் ராபர்ட் கராசெக் 1979இலேயே சொன்னார். ஆகவே ஆசிரியர்களைக் கூட்டி ஒருநாள் யோகா வகுப்பு நடத்துவதைவிட, ஒரே புள்ளிவிவரத்தை மூன்று படிவத்தில் கேட்பதை நிறுத்துவதும், ஃப்ரீ பீரியடைத் தொடாமல் விடுவதும் பலன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

சரி, அதுவரை நம் கையில் என்ன இருக்கிறது? மூச்சை வெளியே விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பின் வழியாக இதயம் சற்று மெதுவாகும். வகுப்பு மாறும் இரண்டு நிமிடத்தில் உள்ளிழுப்பதைவிட நீளமாக வெளியே விட்டு ஐந்தாறு மூச்சு எடுங்கள். பள்ளியை விட்டுக் கிளம்புமுன், முடியாத வேலையை எந்த நாள், எந்த பீரியடில் முடிக்கப்போகிறோம் என்று ஒரு தாளில் எழுதிவையுங்கள். இப்படித் திட்டமிட்டு வைத்தாலே அந்த வேலை மனத்தில் வந்து வந்து குறுக்கிடுவது குறைகிறது என்று உளவியலாளர்கள் மாசிகாம்போ, பாமைஸ்டர் இருவரின் 2011 ஆய்வு காட்டியது. விடைத்தாள் கட்டை வீட்டுக்குக் கொண்டுபோகாத நாள் வாரத்தில் குறைந்தது இரண்டு வேண்டும்.

வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, வகுப்பறை வாசலிலேயே நெஞ்சு படபடக்கிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் (டெலி மனஸ்) எந்த நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.